பேத்தி ஏறப்போகும் வண்டிக்கு நான் வாங்கிய போல்ட்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், உன் அம்மா, அவளுடைய பழைய கார் மூவரும் நலம். நீயும் மருமகளும் என் பேத்தியும் சுகமாக இருப்பதைப் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டாலும், எழுத்தில் ஒரு முறை கேட்டால்தான் எனக்குத் திருப்தி, அதனால் கேட்கிறேன், எல்லோரும் சுகம்தானே. ஞாயிற்றுக்கிழமைதானே பேசினோம், அதற்குள் இந்த மனிதருக்கு என்ன வந்தது என்று நினைப்பாய். போனில் நான் என்ன பேசினேன் என்று கொஞ்சம் யோசித்துப் பார். சாப்பிட்டாயா என்றேன், அங்கே குளிர் எப்படி என்றேன், குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்றேன், அதோடு சரி. உன் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வண்டி என்ற சொல்லின் முதல் எழுத்து வந்தாலே மேஜைக்கு அடியில் என் காலில் ஒரு மிதி விழும். அவனிடம் வண்டியைப் பற்றிப் பேசக் கூடாது என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு. எழுதக் கூடாது என்று உத்தரவு ஏதும் இல்லை. இன்று அவள் உன் அத்தையைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள், பஸ்ஸில்தான், ஏன் பஸ்ஸில் என்று பிறகு சொல்கிறேன். என் தையல் கடையிலும் ஆள் இல்லை. வெட்டும் மேஜையில் துணியை ஒதுக்கிவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நன்றாக முடிந்தது, ரொம்ப நன்றாகவே முடிந்துவிட்டது என்பதுதான் இப்போது சிக்கல். கட்டுப் பிரித்த மறுநாளே நம் வீட்டுக்கு வந்து, மின்விசிறியில் தூசி, ஜன்னல் ஓரத்தில் ஒட்டடை, என் காலரில் அழுக்கு என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுப் போனாள். இவ்வளவு நாள் நாங்கள் சுத்தக்காரர்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான். மாடியில் குடியிருப்பவர் வீட்டுக் குழாய் மறுபடியும் ஒழுகி, கடைச் சுவரில் ஒரு பெரிய ஈரக்கறை வந்திருக்கிறது, வருகிற வாடிக்கையாளர்கள் எல்லாம் அளவு கொடுக்கும்போது அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அதனால் அசையாமல் இருக்கிறார்கள், எனக்கு அதில் ஒரு வசதி. என் முழங்கால் பரவாயில்லை. குழந்தையின் சட்டைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் நீலச் சட்டை போட்டிருக்கிறாளே, அதில் மூன்றாவது பட்டன் தொங்கிக்கொண்டிருக்கிறது. கடைத் தையல் அப்படித்தான், நூலை முடிச்சுப் போடாமல் விட்டுவிடுவார்கள். பல் முளைக்கிற பிள்ளை, கைக்கு வந்ததெல்லாம் வாய்க்குப் போகும். ஒவ்வொரு பட்டனையும் ஒரு தடவை இழுத்துப் பார்க்கச் சொல்லி மருமகளிடம் சொல், இல்லை, அவளுக்கு ஏன் சொல்ல வேண்டும், நீயே இழுத்துப் பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் போன தடவை வந்திருந்தபோது, அம்மா உங்கள் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு மருந்துக்கடை முனையில் திரும்பினாளே, பிரேக் போட்டதும் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் யாருடைய வாசல் பூந்தொட்டியையோ தட்டி உடைத்ததே, அதை நீ மறந்திருக்க மாட்டாய். மருமகள் அப்போது முழுகாமல் இருந்தாள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை, ஆனால் உன் முகம் வெளுத்துப்போயிருந்தது. வீட்டுக்கு வந்ததும், இனிமே இந்த வண்டியில யாரையும் ஏத்தாதீங்கம்மா என்று சொன்னாய். நீ சொன்னதில் தப்பில்லை. உன் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அதை அம்மா எப்படி எடுத்துக்கொண்டாள் என்று உனக்குத் தெரியாது. அன்றிலிருந்து அவள் அந்த வண்டியில் ஒருவரையும் ஏற்றவில்லை. நான்கூட துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில்தான் போய் வருகிறேன். கண் ஆபரேஷன் செய்த அத்தையும் பஸ்தான். மகன் சொல்லிவிட்டான் என்பதற்காக ஒரு மனுஷி இவ்வளவு பிடிவாதமாகக் கீழ்ப்படிந்து நான் பார்த்ததில்லை, என்னிடம் அந்தக் கீழ்ப்படிதலில் கால்வாசி காட்டியிருந்தால்கூட நான் எங்கேயோ போயிருப்பேன்.

அதற்குப் பிறகு நீ எழுதினாய், லீவில் குழந்தையோடு வருகிறோம், விமான நிலையத்திலிருந்து டாக்ஸி பிடித்து வந்துவிடுகிறோம், நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்று. நல்ல மனசோடுதான் எழுதினாய். அம்மா அதைப் படித்துவிட்டு மடித்துப் பெட்டியில் வைத்தாள். சரிதானே, டாக்ஸியில வரட்டும் என்றாள். அப்புறம் சமையலறையில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்ட சத்தம் இருக்கிறதே, அது மாடி வரைக்கும் கேட்டிருக்கும். உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன். வேலையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். யார் யார் பெற்ற பிள்ளைகளையோ காலையில் ஏற்றி மாலையில் அவரவர் வாசலில் பத்திரமாக இறக்கிவிட்டவள். இறங்கும்போது ஒரு பிள்ளைக்குக்கூட முட்டி தேய்ந்தது கிடையாது. அப்படிப்பட்டவள் தன்னுடைய சொந்தப் பேத்தியைத் தன்னுடைய சொந்த வண்டியில் ஏற்ற முடியாது என்றால் அவளுக்கு எப்படி இருக்கும். அவள் அழவில்லை. மறுநாள் காலையில் வேன் ஓட்டும்போது போட்டிருந்த பழைய கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள், ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினாள், முன்சக்கரம் இரண்டையும் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தாள். சாயங்காலம் நான் டீ கொண்டுபோனபோது வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய படுக்கை விரிப்பு, அதன்மேல் பிரேக் சாமான் முழுவதும் வரிசையாகக் கிடந்தது.

பூந்தொட்டிக்குக் காரணம் அப்போதுதான் தெரிந்தது. காலிப்பர் என்று ஒன்று இருக்கிறது. சக்கரத்தோடு சுற்றுகிற வட்டத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற கனமான இரும்பு அது, இடுக்கி மாதிரி என்று வைத்துக்கொள். இடது பக்கக் காலிப்பர் உள்ளே துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டு வேலையே செய்யவில்லை, வலது பக்கம் மட்டும் பிடித்தது, வண்டி வலது பக்கமாகப் பாய்ந்தது. அம்மா இரண்டையும் கழற்றிச் சுத்தம் செய்து, ரப்பர் எல்லாம் புதிதாகப் போட்டாள். மிச்சம் இருந்தது போல்ட் மட்டும். அந்தக் காலிப்பரை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருப்பது பக்கத்துக்கு இரண்டு போல்ட், அவ்வளவுதான். பிரேக் பிடிக்கும்போது சுற்றுகிற தட்டு காலிப்பரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும், அதைப் போகவிடாமல் நிறுத்துவது அந்த இரண்டு போல்ட்தான். பழைய போல்ட்டுகள் துருவேறி நாய் கடித்த மாதிரி இருந்தன. புதுசு போட்டாகணும், மார்க்கெட்டுப் பக்கம் பட்டன் வாங்கப் போறீங்கல்ல, இதே மாதிரி நாலு வாங்கிட்டு வாங்க என்று மாதிரிக்கு ஒன்றை என் கையில் கொடுத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வண்டி விஷயத்தில் என்னை நம்பி அவள் கொடுத்த முதல் வேலை.

இங்கேதான் பல் டாக்டர் உள்ளே வருகிறார். தெருமுனையில் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறாரே, அவரும் பழைய கார் பைத்தியம். அம்மா வைத்திருக்கிற அதே ரகம்தான், அவருடையது சிவப்பு. போகிற வழியில் பார்த்து, என்ன சார் கையில என்றார், சொன்னேன். அடடா, அந்தத் துரு போல்ட் மாதிரியேவா வாங்கப் போறீங்க, எவர்சில்வர்ல வாங்குங்க சார், துருவே பிடிக்காது, சக்கரத்து இடைவெளி வழியா பார்த்தா பளிச்சுனு பல் மாதிரி தெரியும் என்றார். என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தன்னுடைய வண்டியைக் காட்டினார். உண்மையிலேயே கண்ணைப் பறித்தது. அவருடைய கார் கண்காட்சிக்கு லாரியில் ஏறிப் போய் லாரியில் இறங்கி வருகிற கார், அது பிரேக் பிடித்தே பல வருஷம் ஆகிறது என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. போல்ட் கடைக்குப் போனேன். எவர்சில்வரில் இரண்டு விதம் காட்டினார் கடைக்காரர். ஒன்றில் தலையிலிருந்து பாதி உடம்புக்கு மரையே இல்லை, வழுவழுவென்று இருந்தது. இன்னொன்றில் தலை முதல் நுனி வரைக்கும் மரை. நான் தையல்காரன், தையல் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு பிடிப்பு என்றுதான் எனக்குத் தெரியும். முழுக்க மரை உள்ளதையே கேட்டேன். கடைக்காரர் பொட்டலம் கட்டுவதற்கு முன்னால், எதுக்கு சார் இது என்று கேட்டார். இதுதான் முக்கியம், கவனமாகப் படி. பட்டன் கடையில் எதற்கு என்று கேட்டால் நான் ஒருநாளும் உண்மையைச் சொல்ல மாட்டேன். கல்யாணக் கோட்டுக்கு என்று சொன்னால் போதும், அதே பட்டன் விலை ஏறிவிடும். வீட்டுக்குப் போடுற சட்டைக்கு என்றுதான் சொல்வேன். அந்தப் பழக்கத்தில், கண்ணாடி அலமாரிக்கு என்று சொல்லிவிட்டேன். அவரும் அலமாரிக்கு இது போதும் சார், ஜம்முனு இருக்கும் என்று கொடுத்துவிட்டார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா வாங்கிக் கையில் உருட்டிப் பார்த்தாள். துளையில் வைத்துச் சுற்றினாள், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி உள்ளே போனது. பார்த்தியா, அளவு விஷயத்துல நான் தப்பு பண்ணுவேனா என்று சொல்லிக்கூட முடிக்கவில்லை, அவள் அதை வெளியே எடுத்து மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையைப் பார்த்தாள். அப்புறம் நான் எடுத்துப்போன பழைய போல்ட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தாள். துருவுக்குக் கீழே தலையில் பத்து புள்ளி ஒன்பது என்று ஓர் எண் பொறித்திருந்தது. எவ்வளவு இழுப்பைத் தாங்கும் என்று சொல்கிற எண்ணாம் அது. போல்ட்டுக்கும் தலையெழுத்து உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நான் வாங்கி வந்ததன் தலையில் வேறு என்னவோ எழுதியிருந்தது. எவர்சில்வர் துருப்பிடிக்காது, ஆனால் இந்த ரகம் அந்த அளவுக்கு முறுக்கினால் தாங்காது, இழுத்தால் நீண்டுகொடுக்கும் என்றாள். சரி, மரையாவது நிறைய இருக்கிறதே என்றேன். என் மேஜையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்தாள், ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டுப் போட்டாள், இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தாள். சர்ரென்று அந்த வெட்டிலிருந்து கிழிந்தது. காலிப்பரும் வண்டியும் சேர்ற இடத்துல இழுப்பு எல்லாம் விழும், அந்த இடத்துல வழுவழுன்னு முழு உடம்பு இருக்கணும், மரை இருந்தா அது ஒவ்வொண்ணும் ஒரு வெட்டு என்றாள். நாற்பது வருஷமாகக் கத்தரி பிடிக்கிறவனுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா. அசடு வழிய நின்றேன். அவள் கோபமாகக் கத்தியிருந்தால்கூடத் தேவலை. நாலு போல்ட்டையும் என் மேஜையில் வைத்துவிட்டு, மெதுவாக, இதைப் போட்டுத்தானா என் பேத்தியை ஏத்துறது என்று மட்டும் கேட்டாள். அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதலாம்தான், ஆனால் சாப்பிட்டேன், ருசி தெரியவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் இருவரும் சேர்ந்து போனோம். அம்மா கடைக்காரரிடம் நேராக, கார் பிரேக்குக்கு, காலிப்பர் போல்ட் என்றாள். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சார் நேத்து அலமாரின்னு சொன்னாரே என்றார். அலமாரிக்கு பிரேக் வைக்கிற ஆள் இவரு ஒருத்தர்தான் என்று அம்மா சொல்ல, கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய. கடைக்காரர் தங்கமான மனிதர். கார்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எவர்சில்வரைத் தொட்டிருக்கவே மாட்டேனே சார் என்று வருத்தப்பட்டார். நல்ல போல்ட்டுகளைத் தட்டில் கொட்டி அவளும் அவரும் அளக்க ஆரம்பித்தார்கள். சட்டைக்கு அளவு எடுப்பதைவிட அது கஷ்டம் என்று ஒத்துக்கொள்கிறேன். ஒரு துளி நீளம் கூடினால் மறுபக்கம் தலைநீட்டிச் சுற்றுகிற தட்டை உரசும். குறைந்தால் பிடிக்கிற மரை போதாது. வழுவழுப்பான பகுதி நீளமாகப் போனால் இன்னும் மோசம், மரை முடிந்துபோய் போல்ட் நின்றுவிடும், இறுகிவிட்டது என்று நம் கைக்குப் பொய் சொல்லும், உள்ளே காலிப்பர் ஆடிக்கொண்டிருக்கும். கடையில் இருந்தவற்றில் எண் சரியாக இருந்தால் நீளம் சரியில்லை, நீளம் சரியாக இருந்தால் வழுவழுப் பகுதி சரியில்லை. ஒண்ணை மெஷின்ல கொஞ்சம் வெட்டிக்கலாமே என்று நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன், யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடைசியில் கடைக்காரர் வெளியூருக்கு ஆர்டர் போட்டுத் தருவதாகச் சொன்னார். இதற்கு நடுவே பல் டாக்டர் மனசு கேட்காமல், உடைத்துப்போட்ட ஒரு காரிலிருந்து கழற்றிய அசல் போல்ட் நான்கைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். துருகூட இல்லை. அம்மா கும்பிட்டு நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். அவர் போனதும், எத்தனை தடவை யார் எப்படி முறுக்கினாங்கன்னு தெரியாது, ஒருதரம் நீண்டது நீண்டதுதான் என்றாள். அவசரப்படு என்று நான் சொல்லவில்லை, ஆனால் நீங்கள் வரும் நாள் நெருங்குகிறதே என்று எனக்கு உள்ளுக்குள் பதைப்பாகத்தான் இருந்தது. அவள் மட்டும் தினமும் காலையில் அந்தப் படுக்கை விரிப்பைத் தூசி தட்டிவிட்டு, வராட்டி டாக்ஸி, அதுக்காகக் கண்டதைப் போட முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு வழியாகப் பார்சல் வந்தது. கறுப்பாக, பார்க்க ஒன்றுமேயில்லாத நாலு போல்ட். தலையில் எண் இருந்தது, பாதி உடம்பு வழுவழுவென்று இருந்தது, அம்மா பட்டுத்துணியைத் தடவுகிற மாதிரி அதைத் தடவிப் பார்த்தாள். பழைய வேன் ஷெட்டிலிருந்து, முறுக்கை அளந்து போதும் என்கிற இடத்தில் டக் என்று சொல்கிற பெரிய ஸ்பானரை இரவல் வாங்கி வந்திருந்தாள். நாலு டக். ஒவ்வொன்றுக்கும் அவள் முகத்தில் ஒரு சுருக்கம் குறைந்ததை நான் பார்த்தேன். அப்புறம் பிரேக் எண்ணெயில் காற்று இருக்கக் கூடாது என்று என்னை உள்ளே உட்காரவைத்து மிதிக்கச் சொன்னாள். என் கால்தான் தெரியுமே, ஒரு தரம் ஆரம்பித்தால் நிற்காது, தடதடவென்று மிதித்தேன். வண்டிக்கு அடியிலிருந்து, தையல் மெஷின் இல்லைங்க அது, நான் சொன்னா மிதிங்க, சொன்னா விடுங்க என்று சத்தம் வந்தது. எனக்கு இன்னொரு வேலையும் கொடுத்தாள். போல்ட் தலையையும் காலிப்பரையும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போட வேண்டும், பின்னால் போல்ட் ஒரு மயிரிழை சுழன்றாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். உங்க கை நேரா வரும், நீங்களே போடுங்க என்றாள். மெல்லிய பிரஷை எடுத்துக்கொண்டு தரையில் படுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு கோடு போட்டேன். வாழ்நாள் முழுக்க வெட்டுவதற்காகவே கோடு போட்டு வந்தவன், விலகக் கூடாது என்று போட்ட கோடு இதுதான். எழுந்திருக்க மட்டும் அம்மா கைகொடுக்க வேண்டியிருந்தது.

சோதனை நிலையத்துக்கு முதலில் தனியாகத்தான் ஓட்டிக்கொண்டு போனாள். சக்கரத்தை உருளைமேல் ஏற்றிச் சுற்றவிட்டுப் பிரேக் போட்டுப் பார்த்தார்களாம், இரண்டு பக்கமும் ஒரே அளவில் பிடிக்கிறது, இந்த வயசு வண்டியில் இப்படிப் பார்த்ததில்லை என்றார்களாம். அதைக் கேட்டுவிட்டு வந்து அவள் என்னிடம், இப்ப நீங்க ஏறுங்க என்றாள். பூந்தொட்டிக்குப் பிறகு அந்த வண்டியில் ஏறிய முதல் ஆள் நான்தான். முன்னால் உட்காரப் போனேன், இல்லை, பின்னால் என்றாள். பின் சீட்டில் எந்த இடத்தில் குழந்தை சீட்டு வைக்க வேண்டுமோ அந்த இடத்திலேயே என்னை உட்காரவைத்து, பக்கத்தில் மணல் மூட்டை இரண்டை வைத்து, புது சீட் பெல்ட்டை அவளே இழுத்து மாட்டிவிட்டாள். பெல்ட் பழசாகத்தானே இருந்தது, நான் தைத்துத் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், அவள் பார்த்த பார்வையில் ஊசி நூலோடு கடைக்குத் திரும்பிவிட்டேன், சீட்டுக்கு உறை மட்டும்தான் என் தையல். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற சரிவுப் பாதையில் வேகமாக இறங்கினாள். பிடிச்சுக்கங்க என்றாள். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டேன், கண்ணையும் மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது வண்டி நடுப்பாதையில் நேராக நின்றுகொண்டிருந்தது, இந்தப் பக்கமும் இல்லை அந்தப் பக்கமும் இல்லை. மணல் மூட்டைகூட உருளவில்லை. அம்மா ஸ்டியரிங்கை விடாமல் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். சரியா இருக்கா என்று கேட்டாள். சரியா இருக்கு என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். மறுபடி மேலே போய் மறுபடி இறங்கினோம், மழையன்றைக்கு ஈரத்திலும் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்ததும் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு நான் தரையில் படுத்துப் பார்த்தேன். கோடு கோடாகவே இருக்கிறது. இத்துடன் படம் வைத்திருக்கிறேன், உற்றுப் பார், மூலையில் தெரிவது என் மூக்கு.

இவ்வளவும் ஆன பிறகும், சோதனைக்கு ஏறிய என்னைத் தவிர வேறு யாரையும் அவள் ஏற்றவில்லை, மகன் சொன்ன சொல் இன்னும் நிற்கிறது என்று அத்தையைக்கூட பஸ்ஸில்தான் கூட்டிப்போகிறாள். அவனிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டாள். நாம சொன்னா அவன் மறுக்க முடியாம ஏறுவான், வழியெல்லாம் குழந்தையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு வருவான், அப்படி ஒரு சவாரி எனக்கு வேண்டாம், டாக்ஸியிலயே வரட்டும் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, ஆனா ஏறுறதுக்கு முன்னாடி அந்த டாக்ஸிக்காரர்கிட்ட, உங்க பிரேக் போல்ட்டை யார் முறுக்கினதுன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு ஏறச் சொல்லுங்க என்றாள். நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை.

ஆகையால் நான் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அவள் சொல்வது சரி, பயந்துகொண்டு ஏறுவதானால் ஏற வேண்டாம். மருமகளிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டு, படத்தைக் காட்டு, அவள் பெற்ற பிள்ளை, அவள் மனசுக்குச் சரியென்று பட வேண்டும். சரியில்லை என்றால் இந்தக் கடிதம் வரவேயில்லை என்று நினைத்துக்கொள், டாக்ஸியில் வாருங்கள், அதே அன்போடு வாசலில் நிற்போம். சரியென்று பட்டால் மட்டும் ஒன்று செய். என்னிடம் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடமே கேள். வருகிறோம் என்று சொல்ல வேண்டாம், மன்னிப்பு கின்னிப்பு எதுவும் வேண்டாம், அதெல்லாம் அவளுக்குப் பிடிக்காது. சாமான் நிறைய இருக்கும்மா, ஏர்போர்ட்ல நீங்க வண்டியை எந்த வாசல்ல நிறுத்துவீங்க என்று மட்டும் கேள். ஸ்பீக்கரில்தான் இருக்கும். அவள் முகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அங்கே பனி அதிகம் என்கிறாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது போன் பார்க்காதே. மூவருக்கும் எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள், பேத்திக்குத் தாத்தாவின் முத்தம் இரண்டு, பாட்டியின் பங்கு நேரில். மூன்றாவது பட்டனை மறந்துவிடாதே.

பளபளக்கும் நாலு எவர்சில்வர் போல்ட்டை வெட்டும் மேஜையில் துணி பறக்காமல் இருக்க வைத்துக்கொண்டிருக்கும்,

உன் அப்பா.